இடைவெளியைக் கடையில் வாங்க முடியாது

கிட்டார் வாசிக்கும் இளைஞர்களிடம், பங்க் இசைக்குப் பின்னால் எழுந்த போஸ்ட்-பங்க் பற்றி வாயெடுத்தால் போதும், பேச்சு சாமான் பட்டியலுக்குப் போய்விடுகிறது. ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120 ஆம்ப், பாஸ் கம்பெனியின் நீலநிறக் கோரஸ் பெடல், ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிட்டார், கூடவே ஒரு ஃப்ளாஞ்சர், ஒரு டிலே, எல்லாவற்றுக்கும் பின்னால் ரிவெர்ப். இவ்வளவும் கைக்கு வந்துவிட்டால் 1979ஆம் ஆண்டு மான்செஸ்டரின் குளிரும் இருட்டும் தானாக ஸ்பீக்கரில் இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள். கடைக்காரர் அப்படிச் சொல்கிறார். பெடலைக் கையில் பிடித்து வீடியோவில் பேசுகிறவர் அப்படிச் சொல்கிறார். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர் இன்னும் அழுத்திச் சொல்கிறார். இந்தப் பட்டியல் வரலாற்றுப்படி தப்பு, காதுப்படியும் தப்பு என்பது என் கட்சி. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இதை நம்பிச் செலவழிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜாஸ் கோரஸ் 1975இல் வந்தது. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 60 வாட். கோரஸைப் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் கிட்டார் உள்ளபடியே வரும்; மற்றதில் அதே ஒலி சுருதியில் மெல்ல அசைந்துகொண்டு வரும். இரண்டும் அறையின் காற்றில் கலக்கும்போது கண்ணாடியில் வெளிச்சம் பட்ட மாதிரி ஒரு மினுக்கம் பிறக்கும். அந்தச் சுற்றைத் தனியே எடுத்து 1976இல் ஒரு பெரிய பெட்டியில் போட்டு விற்றார்கள். காலால் மிதிக்கும் சின்ன நீலப் பெடல் 1979இல் வந்தது. தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் ஜாஸ் கோரஸ் ஆம்பில் வாசித்தது உண்மை. ஆகவே குளிர்ந்த கிட்டார் என்றால் அந்த ஆம்ப் என்று ஒருவர் முடிவுகட்டுவதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும்.

தோற்றம்தான் அது. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் டிஸ்டார்ஷன் இல்லாத பகுதிகளுக்கு இதே ஜாஸ் கோரஸைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். தி ஸ்மித்ஸின் ஜானி மாரும் இதில் வாசித்திருக்கிறார். ஒரே மண்சட்டியில் ஒரு வீட்டில் மீன்குழம்பு கொதிக்கிறது, இன்னொரு வீட்டில் வத்தக்குழம்பு கொதிக்கிறது. குழம்பின் ருசிக்குச் சட்டியைக் காரணம் காட்டுகிறவரை நாம் சமையல் தெரிந்தவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இதைவிடப் பெரிய சாட்சி 1979 நவம்பரில் இருக்கிறது. அந்த மாதம் 23ஆம் தேதி பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் 'மெட்டல் பாக்ஸ்' வெளியானது. படச்சுருள் வைக்கும் தகர டப்பா மாதிரி ஒன்றுக்குள் மூன்று 12 அங்குல இசைத்தட்டுகள். சரியாக ஒரு வாரம் கழித்து, 30ஆம் தேதி, பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' வந்தது. முதல் குழுவின் பாடகர் ஜான் லைடன், முன்பு செக்ஸ் பிஸ்டல்ஸ் காலத்தில், பிங்க் ஃப்ளாய்ட் பனியனின் மேல் 'வெறுக்கிறேன்' என்று கையால் எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்தவர். இரண்டு குழுவுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அவருடைய குழுவின் கிட்டார்காரர் கீத் லெவீன் மிதித்த ஃப்ளாஞ்சர் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸ். பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் அந்த ஆண்டுகளில் மிதித்ததும் அதே எலக்ட்ரிக் மிஸ்ட்ரஸ்தான். கில்மோரின் காலடியில் அது பட்டுத்துணி மாதிரி அகலமாக விரிந்தது. லெவீனின் அலுமினியக் கிட்டாரோடு சேர்ந்தபோது தகரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோலக் கேட்டது. பெடல் ஒன்று, ஒலி இரண்டு. 'பெடலே ஒலி' என்ற கொள்கைக்கு இந்த இடத்தில் என்ன பதில் இருக்கிறது?

இதே கதையை ஸ்டுடியோவுக்கும் சொல்லலாம். மான்செஸ்டர் குழுவான ஜாய் டிவிஷனின் இரண்டாவது ஆல்பம் 'க்ளோசர்' 1980 மார்ச்சில் லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டுடியோவில் பதிவானது. அதைக் கட்டியவர்களும் பிங்க் ஃப்ளாய்ட்தான். அவர்கள் தங்கள் 'அனிமல்ஸ்' ஆல்பத்தைப் பதிவுசெய்த சுவர்களுக்குள்தான் போஸ்ட்-பங்க்கின் மிக இருண்ட இசைத்தட்டு பிறந்தது.

இனி லீட்ஸுக்குப் போவோம். அந்த ஊர்க் குழுவான கேங் ஆஃப் ஃபோரின் 'என்டர்டெயின்மென்ட்!' 1979 செப்டம்பரில் வந்தது. அந்த ஆல்பத்தைக் கேட்டவர் எவரும் ஆண்டி கில்லின் கிட்டாரை மறக்க மாட்டார். அதில் மினுக்கம் துளியும் கிடையாது. ரிவெர்ப் போட்டு இழைத்த மென்மை கிடையாது. எலும்பை வெட்டுகிற மாதிரி சின்னச் சின்ன வீச்சுகள், நடுவே வெறுமை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கிட்டார் சட்டென்று நின்றுவிடும். நான்கு தட்டுக்குப் பேஸும் டிரம்ஸும் மட்டும் நடக்கும். பிறகு எதிர்பாராத தட்டில் வந்து வெட்டும். எல்லாக் கிட்டார்காரரும் வால்வ் ஆம்புக்கு ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில் கில் டிரான்சிஸ்டர் ஆம்பைத் தேர்ந்தெடுத்தார். வால்வ் ஆம்பை முடுக்கினால் ஒலியின் முனை மழுங்கி உருண்டு வரும். அதைத்தான் 'வெதுவெதுப்பு' என்று கொண்டாடுகிறார்கள். டிரான்சிஸ்டர் அப்படிக் கொஞ்சாது. கொடுத்ததைக் கொடுத்தபடியே, ஓரம் தேயாமல், முகத்தில் வீசும். கில்லுக்கு அந்த ஓரம் வேண்டியிருந்தது.

அவர் அதை எங்கிருந்து எடுத்தார் என்பதும் தெரிந்ததே. கேன்வி தீவிலிருந்து வந்த டாக்டர் ஃபீல்குட் குழுவின் வில்கோ ஜான்சன் அவருடைய ஆதர்சம். வில்கோ ஒரு டெலிகாஸ்டரும் எச்எச் டிரான்சிஸ்டர் ஆம்பும் வைத்துக்கொண்டு, பிக் இல்லாமல் வெறும் விரலால் தந்தியை அறைந்து, தாளமும் மெட்டும் ஒரே கையில் வாசித்தவர். பெடல் வரிசை என்ற பேச்சே அங்கு எழவில்லை. அவர் வாசித்தது பங்க்குக்கு முந்திய ரிதம் அண்ட் ப்ளூஸ். அதில் இருந்த ப்ளூஸின் இழைவை உருவி எடுத்துவிட்டு வெட்டை மட்டும் வைத்துக்கொண்டால் ஆண்டி கில் கிடைக்கிறார். இந்தப் பரம்பரையில் ஜாஸ்மாஸ்டரும் இல்லை, கோரஸும் இல்லை. 'போஸ்ட்-பங்க் கிட்டாருக்கு இவை கட்டாயம்' என்று எழுதுகிறவர்கள் கேங் ஆஃப் ஃபோரை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் பட்டியல்காரர்கள் கடைசியில் போய் நிற்கும் வாசல் ஜாய் டிவிஷன்தான். அதனால் அங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைக் கேட்ட கையோடு, பின்னாளில் ஜாய் டிவிஷனின் பேஸ்காரரான பீட்டர் ஹூக் போய் ஒரு மலிவான பேஸ் கிட்டார் வாங்கினார். வாசிக்கத் தெரியாது. அவர் பக்கத்தில் நின்ற பெர்னார்ட் சம்னரின் கிட்டார் ஆம்ப் உரக்க அலறியது. ஹூக்கின் ஆம்ப் ஏழை ஆம்ப். கீழ் ஸ்தாயியில் வாசித்தால் தன் ஒலி தனக்கே கேட்கவில்லை. ஆகவே மேலே ஏறி, கிட்டார் வாசிக்கும் உயரத்துக்குப் போய் வாசித்தார்; அப்போதுதான் கேட்டது. இதை ஹூக்கே பலமுறை சொல்லியிருக்கிறார். உலகம் முழுவதும் ஜாய் டிவிஷன் ஒலி என்று எதைக் கொண்டாடுகிறதோ அதன் முதுகெலும்பு இந்த மேல் ஸ்தாயி பேஸ்தான். பாட்டின் மெட்டைப் பேஸ் எடுத்துக்கொண்டது. அதனால் கிட்டாருக்குப் பாரம் குறைந்தது. சம்னர் இரண்டு தந்தியில் ஒரு சின்ன வடிவத்தை வாசித்துவிட்டு ஒதுங்கி நிற்க முடிந்தது. ஸ்டீஃபன் மாரிஸின் டிரம்ஸ் முன்னுக்கு வந்து இயந்திரம்போல் நடந்தது.

பேஸைத் தூக்கிக் கிட்டாரின் நாற்காலியில் உட்கார வைத்தது எந்தப் பெடல்? ஹூக்கின் ஒலியோடு சேர்த்துப் பேசப்படுகிற கோரஸ் ஒன்று உண்டு, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் க்ளோன் தியரி. அது பேஸில் போட்டது. இசைத்தட்டைக் கேட்டு, 'ஆகா, இந்தக் கோரஸ் கிட்டார்!' என்று மயங்குகிறவர்களில் பலர் மயங்குவது பேஸைக் கேட்டு. பிறகு அந்தக் கோரஸைக் கிட்டாரில் போட்டுக்கொண்டு, தங்கள் பேஸ்காரரைக் கீழே தடிமனான தந்தியில் மூல சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருக்கச் சொல்கிறார்கள். தலைகீழாக மாட்டிய படத்தை எந்த ஆணியில் மாட்டினாலும் அது தலைகீழ்தான்.

அடுத்தது மார்ட்டின் ஹானெட். ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் 1979 ஏப்ரலில் பதிவாகி, ஜூனில் ஃபாக்டரி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. தயாரிப்பாளர் ஹானெட் டிரம்ஸின் துண்டுகளைப் பிரித்துப் பிரித்து வாசிக்கச் சொன்னார், ஒன்றின் ஒலி மற்றதன் மைக்கில் கசியாதிருப்பதற்காக. பர்ன்லி ஊரில் ஏஎம்எஸ் கம்பெனி செய்த டிஜிட்டல் டிலேயை ஸ்னேரில் போட்டார். கண்ணாடி உடையும் சத்தமும் ஸ்ப்ரே டப்பாவின் சீறலும் தாள வாத்தியங்களாயின. அந்த ஆல்பத்தில் நாம் 'குளிர்' என்று உணர்வதில் பெரும்பங்கு இந்த மனிதர் செய்த இடம். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி அறையில் தனியே விடப்பட்டதுபோல நிற்கிறது. ஹூக்குக்கும் சம்னருக்கும் அந்தக் கலவை அப்போது பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் வாசித்த முரட்டு ஒலியை இந்த ஆள் கெடுத்துவிட்டார் என்று வருந்தினார்கள். யோசித்துப் பாருங்கள். மேடையில் அவர்கள் காலடியிலும் முதுகுக்குப் பின்னாலும் என்ன இருந்ததோ அதிலிருந்து அந்த ஒலி வரவில்லை என்று அந்த ஒலிக்குச் சொந்தக்காரர்களே சாட்சி சொல்கிறார்கள். நாம் இன்னும் அவர்கள் காலடியைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஹானெட்டுக்கும் லெவீனுக்கும் பின்னால் இன்னொரு பெரிய நிழல் உண்டு. பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ஜமைக்காவின் டப் இசை. கிங்ஸ்டனில் மின்சாதனங்களைப் பழுதுபார்த்து வந்த கிங் டப்பி, பதிவான பாட்டை எடுத்து, மிக்சிங் மேசையில் ஒவ்வொரு வாத்தியமாக அணைத்து, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் விட்டுவைத்து, கிட்டாரின் ஒரே ஒரு வீச்சை எதிரொலிக்குள் எறிந்து, அது கரையும்வரை காத்திருந்தார். எடுத்துவிடுவதையே கலையாக்கியவர் அவர். ஜான் லைடன் 1978இன் தொடக்கத்தில் ஜமைக்காவுக்கே போய்விட்டு வந்தார். அவர் குழுவின் ஜா வாபிள் வாசித்த பேஸ் டப்பின் நேரடிப் பிள்ளை. தி ஸ்லிட்ஸ் பெண்களின் 'கட்' ஆல்பத்தை 1979இல் தயாரித்தவர் டப் கலைஞர் டென்னிஸ் போவெல். போஸ்ட்-பங்க்கின் வெறுமை இங்கிலாந்தின் மூடிய ஆலைகளிலிருந்து மட்டும் வரவில்லை. கிங்ஸ்டனின் மிக்சிங் மேசையிலிருந்தும் வந்தது. அந்த மேசையில் எதிரொலி என்பது ஒரு சம்பவம். ஒருமுறை நடக்கும், முடிந்துவிடும். பெடலை மிதித்துப் பாட்டு முழுக்க ஓடவிட்டால் சம்பவம் போய்ச் சுவர்ப்பூச்சு ஆகிவிடுகிறது.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, இரண்டு வருடச் சேமிப்பில் ஆறு பெடல் சேர்த்தான். நல்ல பையன், கைகளில் திறமை உண்டு. ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டான். கோரஸ், ஃப்ளாஞ்சர், டிலே, ரிவெர்ப் எல்லாம் எரிந்துகொண்டிருக்க, ஆறு தந்தியிலும் முழுக் கார்டு போட்டு வாசித்தான். பேஸ்காரப் பையன் கீழே மூல சுரத்தில். டிரம்ஸ்காரன் சிம்பலை விடாமல் தட்டினான். அறை முழுக்க ஒரே குழைந்த சோறு. எதுவும் எதிலிருந்தும் பிரிந்து கேட்கவில்லை.

"அண்ணே, இன்னும் ஒரு பெடல் வேணும்போல. பழைய மாடல் ஃப்ளாஞ்சர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்" என்றான்.

"இருப்பா. முதல்ல எல்லாத்தையும் அணை" என்றேன்.

மனசில்லாமல் அணைத்தான். பேஸ்காரனைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே போய் மெட்டை வாசிக்கச் சொன்னேன். டிரம்ஸ்காரனிடம் சிம்பலை மறந்துவிட்டு டாமில் மட்டும் ஒரு நடையைப் பிடிக்கச் சொன்னேன். தம்பியிடம், மேல் மூன்று தந்தி போதும், இரண்டு சுரம் போதும், மூன்றாவது ஆவர்த்தனத்தில் வாசிக்கவே கூடாது என்றேன். முதல் அரைமணி நேரம் யாருக்கும் பிடிக்கவில்லை. கை சும்மா இருப்பது கிட்டார்காரருக்குப் பெரிய தண்டனை. ஒரு மணி நேரம் கழிந்தபோது பாட்டுக்கு எலும்பு தெரிந்தது. பாடுகிற பெண்ணின் குரல் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது. யாரும் எதையும் புதிதாக வாங்கவில்லை.

கோரஸ் ஏன் அங்கே எதிரியாக வேலை செய்தது என்பதற்கு அதன் உள்வேலையிலேயே பதில் இருக்கிறது. பழைய கோரஸ், ஃப்ளாஞ்சர் பெடல்களின் இதயம் ஒரு சிப். 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டேர் என்ற இருவர் கண்டது. கூரை தீப்பிடித்தால் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவார்களே, அதே ஏற்பாடு. கிட்டாரின் மின்னலையைத் துளித்துளியாக எடுத்து, ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கைமாற்றினால், கடைசிக் குடம் வந்துசேரும்போது நொடியின் ஆயிரத்தில் சில பங்கு தாமதம் ஆகியிருக்கும். கைமாற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் சுருதி அசையும். அசைந்து வந்த ஒலியையும் அசையாத ஒலியையும் சேர்த்தால், சற்றே சுருதி விலகிய இரண்டு கிட்டார் ஒன்றாக வாசிப்பதுபோல் இருக்கும். அதுதான் கோரஸ். தாமதத்தை இன்னும் குறைத்து, வெளியே வந்ததில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விட்டால் ஃப்ளாஞ்சர்.

அதாவது கோரஸ் செய்வது தடிமனாக்குவதும் ஓரத்தைக் கரைப்பதும். தந்தியில் பிக் படுகிற அந்த முதல் கணம்தான் போஸ்ட்-பங்க் கிட்டாரின் தாளத்தைச் சுமப்பது. கோரஸ் மங்கலாக்குவதும் அதையேதான். ஒற்றைத் தந்தி மெட்டில் அது அழகு. ஆறு தந்திக் கார்டில், ரிவெர்பும் சேர்ந்தால், அது மூடுபனி.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சோம்பேறிப் பதிலும் உலவுகிறது: 'எல்லாம் விரலில்தான் இருக்கிறது, கருவி எதுவானால் என்ன?' இதையும் நான் ஒப்பவில்லை. கருவி முக்கியம். லெவீன் அலுமினியத்துக்குப் பதில் சாதாரண மரக் கிட்டாரில் வாசித்திருந்தால் அந்த அறுப்பு வந்திராது. சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸின் ஜான் மெக்கியோக் எம்எக்ஸ்ஆர் ஃப்ளாஞ்சரை நேசித்தவர். 1981இன் 'ஜூஜூ' ஆல்பத்தில் அவர் முழுக் கார்டுகளை உடைத்து, சுரம் சுரமாகச் சிதறவிட்டு வாசிக்கும் விதத்தைக் கேளுங்கள். ஃப்ளாஞ்சர் எங்கே நன்றாக ஒலிக்கும் என்று தெரிந்து அதற்கேற்பக் கையை மாற்றியவர் அவர். யூ2வின் கிட்டார்காரர் எட்ஜ், மெமரி மேன் எதிரொலிப் பெடலை மிதித்துக்கொண்டு பாதிச் சுரங்களை மட்டும் வாசித்தார். மீதிப் பாதியைப் பெடல் வாசித்தது. 1980இன் 'பாய்' அப்படிப் பிறந்தது. இவர்கள் பெடலைப் பாட்டுக்குள் ஒரு வாத்தியக்காரனாக உட்காரவைத்து, அவனுக்காகத் தங்கள் வாசிப்பைக் குறைத்துக்கொண்டார்கள். வாசிக்கிறதையே வாசித்துவிட்டு மேலே தெளித்துக்கொள்ளும் பன்னீராக அது அவர்களுக்கு இருக்கவில்லை.

கில்லிங் ஜோக் குழுவின் கிட்டார்காரர் ஜோர்டி வாக்கரைப் பாருங்கள். கடைசிவரை அவர் கையில் இருந்தது 1952ஆம் ஆண்டு கிப்சன் இஎஸ்-295. பொன்னிறத்தில் உள்கூடான, ராக்கபில்லி காலத்துக் கிட்டார். எல்விஸ் பிரெஸ்லியின் தொடக்ககாலப் பதிவுகளில் ஸ்காட்டி மூர் வாசித்த அதே மாடல். எந்தப் பட்டியலும் போஸ்ட்-பங்க்குக்கு அதைச் சிபாரிசு செய்யாது. ஆனால் அதிலிருந்து வாக்கர் இடிந்துவிழும் ஆலையின் ஓசையை எழுப்பினார். ராபர்ட் ஸ்மித் தன்னுடைய உல்வொர்த்ஸ் கடைக் கிட்டாரின் மலிவான பிக்கப்பைக் கழற்றிப் புதிய ஜாஸ்மாஸ்டரில் பொருத்திக்கொண்டார். இன்று ஜாஸ்மாஸ்டரைப் பட்டியலில் எழுதுகிறவர்கள் அந்த மலிவுப் பிக்கப்பை எழுதுவதில்லை. அவர் கேட்ட ஒலி அதில்தான் இருந்தது.

கார்டிஃப் நகரத்து யங் மார்பிள் ஜயன்ட்ஸ் இன்னும் ஒருபடி போனார்கள். டிரம்ஸ்காரரே கிடையாது, டிரம் மெஷின் ஒலியை டேப்பில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். ஸ்டூவர்ட் மாக்ஸம் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி, டொக் டொக் என்று உலர்ந்த கிட்டார் வாசித்தார். அவர் தம்பி பேஸில் மெட்டை வாசித்தார். அலிசன் ஸ்டாட்டன் பக்கத்து வீட்டுப் பெண் முணுமுணுப்பதுபோலப் பாடினார். 1980இன் 'கலாசல் யூத்' அவர்களுடைய ஒரே ஸ்டுடியோ ஆல்பம். அதைக் கேட்டபின் பெடல் பலகையைப் பார்த்தால் எனக்கு மளிகைக்கடை நினைவுதான் வருகிறது.

அப்படியானால் எதைத்தான் தேர்ந்தெடுப்பது? கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிவருவது இது. குழுவில் நான்கு பேரிடமும் கொஞ்சம் காசு இருந்தால் முதல் செலவு பேஸுக்கு. பேஸ்காரருக்குத் தன் ஒலி தெளிவாகக் கேட்கிற ஆம்ப், புதுத் தந்தி. டிரம்ஸின் தோலைச் சுருதி பார்த்து இறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்; அதற்குக் காசே வேண்டாம். கிட்டாருக்கு, சத்தத்தைக் கூட்டினாலும் உடையாமல் நிற்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று, பழையதானாலும் பரவாயில்லை. பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், அந்த இடம் பேஸ்காரருடையது. ட்ரெபிளைக் கூச்சப்படாமல் ஏற்றுங்கள். ரிவெர்ப் சுழி. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப். கெயினை, அழுத்தி அறைந்தால் மட்டும் கொஞ்சம் கரகரக்கிற அளவில் நிறுத்துங்கள். தனியாக வாசிக்கும்போது 'இது மெலிவாக இருக்கிறதே' என்று தோன்றும், குழுவோடு வாசிக்கும்போது அந்த மெலிவுதான் கத்திமுனை.

பெடல் என்றால், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மிதிக்கப்போகிறேன் என்று வாயால் சொல்ல முடிகிற பெடலை மட்டும் வாங்குங்கள். சொல்ல முடியவில்லையென்றால் அது இன்னும் தேவைப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் கோரஸைவிட டிலேக்கு என் ஓட்டு, அதுவும் டப்காரர்கள் செய்ததுபோல ஒரு வீச்சை எறிந்துவிட்டு அணைத்துவிட. ஃப்ளாஞ்சர் பிடித்திருந்தால் வேகத்தை மிகக் குறைத்து, கார்டை உடைத்து வாசியுங்கள். பழைய மாடல், முதல் பதிப்பு, அசல் சிப் என்று விலையை ஏற்றிச் சொல்லும் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். அந்த இசையைச் செய்தவர்கள் பலரும் கையில் அகப்பட்ட மலிவுச் சரக்கை எடுத்தவர்கள். அவர்கள் தொட்டதாலேயே அந்தச் சரக்கு இன்று பொன்விலைக்குப் போகிறது. வேலையற்ற இளைஞர்கள் ஓட்டைக் கருவியில் செய்த இசையை, காசுள்ளவர்கள் மட்டும் நுழையக்கூடிய கண்காட்சி ஆக்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

வயர் என்ற குழுவின் 'பிங்க் ஃப்ளாக்' ஆல்பம், 1977. ஏறத்தாழ 35 நிமிடத்தில் 21 பாட்டு. சொல்ல வேண்டியது தீர்ந்ததும் பாட்டு நின்றுவிடும், அது ஒரு நிமிடத்துக்கும் குறைவானாலும் சரி. அந்த முடிவைக் குழு எடுக்கிறது, கடை எடுப்பதில்லை.

அடுத்த ஒத்திகைக்குப் போகும்போது பெடல் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரே ஒரு வயர், கிட்டாரிலிருந்து நேரே ஆம்புக்கு. பேஸ்காரரை மேலே ஏறச் சொல்லுங்கள். நீங்கள் வாசிப்பதில் பாதியை நிறுத்துங்கள். செல்பேசியில் பதிந்து, மறுநாள் காலையில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்குப் பிறகும் கோரஸ் வேண்டும் என்று காது கேட்டால், தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.